பதினோரு ஆண்டுப் பழைய மேசைக் கணினி: 800 வெள்ளியை எந்தப் பாகத்தில் போடுவது?

சுங்கை சிப்புட் அச்சுக்கடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பட்டணத்தின் ஓரத்தில், செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் சாலையை ஒட்டிச் சிறிய அச்சுக்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோவில் திருவிழாப் பதாகை, நினைவாஞ்சலி அட்டை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான சான்றிதழ் ஆகியவையே என் வேலை. ஓராண்டாக, கைப்பேசியில் எடுத்துத் தரும் காணொளிகளை வெட்டி ஒட்டித் தரும்படியும் ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

இவை அனைத்துக்கும் என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு ஈப்போவில் கட்டி வாங்கிய ஒரே ஒரு மேசைக் கணினி. இன்டெல் கோர் ஐ5-4590 செயலி, எச்81 மதர்போர்டு, 4 ஜி.பி வீதம் இரண்டு துண்டாக 8 ஜி.பி டி.டி.ஆர்.3 ரேம், 1 டி.பி ஹார்ட் டிஸ்க், பெயர் தெரியாத ஒரு 450 வாட் பவர் சப்ளை ஆகியவை அதில் உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10 ஓடுகிறது.

காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, சாமிக்கு விளக்கேற்றி, கடை வாசலைக் கூட்டி முடித்து வந்து அமர்ந்தாலும் கணினி தயாராக இருப்பதில்லை. ஏழு நிமிடம் வரை ஆகிறது. எட்டுக்கு நான்கு அடிப் பதாகையைப் போட்டோஷாப்பில் திறந்தால், ஓர் எழுத்தை நகர்த்துவதற்கே காத்திருக்க வேண்டியுள்ளது. கைப்பேசிக் காணொளிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. இரவில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுப் போனால் மறுநாள் தேதியும் நேரமும் தவறாகக் காட்டுகின்றன.

ஒரு கணினிக் கடையில் விசாரித்தேன். பயன்படுத்திய ஐ7 செயலியும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், கூலியோடு 750 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். நான் ஒதுக்கி வைத்திருப்பது 800 வெள்ளி. தைப்பூசத்துக்கு முன் பதாகை வேலைகள் குவியும். ஒருமுறை தவறான பாகத்தில் பணத்தைப் போட்டுவிட்டால், இன்னொரு முறை போட என்னால் இயலாது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கிந்தா பழுதுபார்ப்பவன்

வணக்கம் அண்ணே. அந்த 750 வெள்ளியை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூடச் செயலியின் வேகத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் பல ஆண்டுகளாகக் கணினிகளைப் பழுது பார்க்கிறேன். இந்த வயதுடைய கணினி மேசைக்கு வந்தால் திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத்தான் திறப்பேன். நீங்களும் அதைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், செயலி, நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காடு காட்டுகின்றன என்பதை மூன்று வேளைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: கணினி எழுந்த உடனே ஒரு முறை, பெரிய பதாகையைத் திறந்து வேலை செய்யும்போது ஒரு முறை, காணொளியை ஓட்டும்போது ஒரு முறை. எந்த வேளையில் எது 100-ஐத் தொட்டு நிற்கிறதோ, அந்த வேலைக்கு அதுதான் தடை. மற்றவற்றை எவ்வளவு உயர்த்தினாலும், அந்தத் தடை நீங்கும்வரை வேகம் கூடாது.

காலையில் ஏழு நிமிடம் ஆவதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான் என்று இப்போதே என்னால் சொல்ல முடியும். உங்களுடையது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வகையாக இருக்கும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவைப்படும் இடம் சுழன்று கீழே வர வேண்டும். இவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 மில்லி வினாடி என்று வைத்தால், ஒரு வினாடியில் எண்பது இடங்களைத்தான் அது தேடிப் படிக்க முடியும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கிறது. சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி-யில் சுழல்வதும் நகர்வதும் கிடையாது என்பதால், அதே வகைத் தேடல்களை அது வினாடிக்குப் பல ஆயிரக் கணக்கில் முடித்துவிடும். ஐ7-4790 போன்ற செயலியைப் போட்டாலும், அது அதே ஹார்ட் டிஸ்கின் முன்னால்தான் காத்து நிற்கும்.

உங்கள் எச்81 மதர்போர்டில், எஸ்.எஸ்.டி-யை நேரே பலகையில் செருகும் எம்.2 துளை இருக்காது, ஆகவே கம்பியால் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி-யைத்தான் வாங்க வேண்டும். எச்81 என்ற அந்தச் சிப்செட்டில் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லில்) 6 ஜிகாபிட் சாட்டா துளை இரண்டும் 3 ஜிகாபிட் துளை இரண்டும் உண்டு. மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து எஸ்.எஸ்.டி-யை 6 ஜிகாபிட் துளையில் செருகுங்கள். 500 ஜி.பி போதும். உதாரணத்துக்குச் சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி-க்கு ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ளதை அப்படியே படியெடுக்கும் மென்பொருளையும் அந்நிறுவனமே இலவசமாகத் தருகிறது. உங்கள் கோப்புகளைப் பழைய டிஸ்கிலேயே விட்டு, விண்டோஸையும் மென்பொருள்களையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இணையச் சந்தையில் ஐம்பது வெள்ளிக்கு 2 டி.பி என்று விற்பவற்றை மட்டும் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சில்லுகள்தாம் அவற்றில் இருக்கும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழுதியவை அழிந்துபோகும்.

இன்னொன்றைப் படியெடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியால் பழைய டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 05 என்ற வரியிலோ சி5 என்ற வரியிலோ சுழியத்தைத் தவிர வேறு எண் இருந்தால், அந்த டிஸ்க் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது வாடிக்கையாளர் கோப்புகளை முதலில் வெளித் தட்டு (கணினிக்கு வெளியே இணைக்கும் டிஸ்க்) ஒன்றில் நகல் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நேரம் தவறுவது மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்ததால். சி.ஆர்.2032 என்று கேளுங்கள், சில வெள்ளிதான். மாற்றும்போது பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பலாம், சாட்டா முன்பு ஏ.எச்.சி.ஐ என்ற நிலையில் இருந்தால் இப்போதும் அதே நிலையில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு விண்டோஸுக்குள் நுழையுங்கள்.

தோட்டச் சாலையோரக் கடை என்கிறீர்கள். லாரிகள் கிளப்பும் செம்மண் தூசு செயலியின் விசிறிக்கடியில் கம்பளம் போலப் படிந்திருக்கும். மூடியைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்து, செயலிக்கும் வெப்ப உறிஞ்சிக்கும் இடையிலுள்ள பசையைப் புதிதாகத் தடவுங்கள். பதினோரு ஆண்டுப் பசை இதற்குள் காய்ந்து பொடியாகியிருக்கும்.

கிள்ளான் வடிவமைப்பாளர்

வணக்கம் அண்ணே. நான் அச்சுக்கூடம் ஒன்றில் பதாகைக் கோப்புகளைத் தயார்செய்யும் பெண். உங்கள் பதாகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு காசும் செலவழிக்காமல் சரிசெய்யக்கூடியது இருக்கிறது.

எட்டுக்கு நான்கு அடிப் பதாகையை நீங்கள் 300 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) உருவாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அழைப்பிதழ் செய்து பழகியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். எட்டடி என்பது 96 அங்குலம், நான்கடி 48 அங்குலம். 300-ஆல் பெருக்கினால் 28,800-க்கு 14,400 புள்ளிகள், அதாவது 41 கோடிக்கும் மேல். அச்சுக்கான நான்கு நிறங்களில் புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரே ஒரு அடுக்கு முழுமையாக நிரம்பினால் 1.66 ஜி.பி ஆகிறது. சாமி படம், கோபுரம், பின்னணி என நான்கு அடுக்கு வைத்தாலே உங்கள் 8 ஜி.பி ரேமில் போட்டோஷாப்புக்குக் கிடைக்கும் பங்கு முடிந்துவிடும். அதன் பிறகு அது ஹார்ட் டிஸ்கைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். எழுத்து நகராமல் நிற்பது அப்போதுதான்.

சாலையோரத்தில் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பதாகைக்கு 100 டி.பி.ஐ தாராளமாகப் போதும். நான் வேலை செய்யும் கூடத்தில் அதற்கு மேல் கேட்பதில்லை. அதே பதாகை 9,600-க்கு 4,800 புள்ளியாகும். ஒரு முழு அடுக்கு 184 எம்.பி. ஒன்பதில் ஒரு பங்கு. அழைப்பிதழ், சான்றிதழ் போன்ற கையில் வைத்துப் பார்க்கும் பொருள்களை 300-லேயே வையுங்கள். பெயர், நேரம், இடம் ஆகிய எழுத்துகளைப் படமாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டு, பி.டி.எஃப்-ஆக அனுப்பினால், எத்தனை டி.பி.ஐ-யாக இருந்தாலும் விளிம்பு கூர்மையாக வரும்.

இதற்குப் பிறகும் ரேமை 16 ஜி.பி ஆக்குவது நல்லது. உங்கள் மதர்போர்டில் துளைகள் இரண்டே, அதன் உச்ச அளவும் 16 ஜி.பி-தான், ஆகவே இருக்கும் இரண்டையும் கழற்றிவிட்டு 8 ஜி.பி இரண்டு போட வேண்டும். டி.டி.ஆர்.3 அடுத்த கணினிக்கு உதவாது என்பதால், இதைப் புதிதாக வாங்காமல், அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றி விற்கும் பழைய துண்டுகளாகவே வாங்குங்கள். இணையச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் புதிய 8 ஜி.பி டி.டி.ஆர்.3 துண்டுகளில் பல, ஏ.எம்.டி மதர்போர்டுகளில் மட்டும் ஓடுபவை. விளம்பரத்தின் மூலையில் அது சிறிய எழுத்தில் இருக்கும். உங்கள் இன்டெல் கணினியில் அவற்றைப் போட்டால் திரையே வராது. நான் ஒருமுறை அந்தத் துண்டை வாங்கிவிட்டு, மதர்போர்டுதான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அழாத குறையாக அலைந்தேன்.

போட்டோஷாப்பின் தற்காலிகத் தட்டாக, அதாவது ஸ்கிராட்ச் டிஸ்காக, புதிய எஸ்.எஸ்.டி-யைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். படியெடுத்த பிறகும் பழைய டிஸ்கே அந்த இடத்தில் நின்றுவிடுவதை நான் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன்.

தைப்பிங் காணொளிக்காரன்

முதல் இருவரும் சொன்னதை ஏற்கிறேன். காணொளி திக்குவதற்கான காரணம் மட்டும் வேறு. இப்போதைய ஐபோன்களும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் எச்.இ.வி.சி என்ற சுருக்குமுறையில் பதிவுசெய்கின்றன. உங்கள் ஐ5-4590-க்குள் இருக்கும் எச்.டி கிராபிக்ஸ் 4600, பழைய சுருக்குமுறையான எச்.264-ஐ வன்பொருளாலேயே விரிக்கும், எச்.இ.வி.சி-க்கு அந்த ஏற்பாடு அதில் இல்லை. அது வெளிவந்த காலத்தில் அந்தச் சுருக்குமுறை பரவவில்லை. அதனால் செயலியின் நான்கு கோர்களும் ஒவ்வொரு படச்சட்டத்தையும் கணக்குப் போட்டே விரிக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் இந்த ஒரு வேலையில் செயலி 100-ஐ ஒட்டி நிற்கும்.

அதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இரண்டு வழிகளை முயன்று பாருங்கள். காணொளி எடுப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஐபோனின் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், எச்.264-இல் பதிவாகும். ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால், கேடன்லைவ் போன்ற இலவச மென்பொருளில் பிராக்ஸி வசதியை இயக்குங்கள். அது ஒவ்வொரு காணொளிக்கும் சிறிய நகல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில் நடக்கும், கடைசியில் வெளியிடும்போது மூலக் காணொளியே பயன்படும். நகல் உருவாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. மாலையில் கடை மூடும்போது ஓடவிட்டுவிட்டால் மறுநாள் வேலை தடையின்றிப் போகும். காவடி ஊர்வலத்தின் நாற்பது துண்டுகளை இதைவிடப் பழைய கணினியில் இப்படித்தான் முடித்தேன்.

இதற்கு மேலும் கார்டு வாங்கியே ஆக வேண்டுமானால், உங்கள் கணினிக்குப் பொருந்தாத மூன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எக்ஸ் 6400 பார்வைக்கு மலிவு, 53 வாட் மட்டுமே இழுக்கும். ஆனால் அது, கார்டைச் செருகும் பி.சி.ஐ.இ துளையின் நான்கு தடங்களில் மட்டும் பேசும் கார்டு. எச்81 மதர்போர்டுகளோ பி.சி.ஐ.இ 2.0 வேகத்தைத் தாண்டுவதில்லை. நான்காம் தலைமுறைத் துளையில் அதற்குக் கிடைக்க வேண்டிய வேகத்தில் நான்கில் ஒரு பங்குதான் உங்கள் கணினியில் கிடைக்கும். அதோடு, காணொளியைச் சுருக்கும் வன்பொருளும் அதில் இல்லை, காணொளி வேலைக்காக வாங்கும் ஒருவருக்கு அதுவே பெரிய குறை. ஜி.டி 1030 எச்.இ.வி.சி-யை விரிக்கும், சுருக்காது, அதிலும் டி.டி.ஆர்.4 நினைவகம் கொண்ட வகை, அதே பெயரில் வரும் ஜி.டி.டி.ஆர்.5 வகையைவிட மிக மெதுவானது. மூன்றாவது, நம்ப முடியாத மலிவு விலையில் வரும் ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ. அவற்றில் பல, ஜி.டி.எஸ் 450 போன்ற மிகப் பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதிப் பெயர் சூட்டியவை. ஜி.பி.யு-இசட் என்ற இலவசக் கருவி அத்தகைய போலிகளைக் கண்டால் பெயருக்கு முன்பே போலி என்று காட்டிவிடும். விற்பவரின் கண்முன்னே அதை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான 1050 டி.ஐ-யோ 1650-ஓ 75 வாட் அளவில் நிற்பவை, தனி மின்கம்பி தேவைப்படாத வகையாகவும் கிடைக்கும். எனினும், பெயர் தெரியாத 450 வாட் பவர் சப்ளையை நம்பி எந்தக் கார்டையும் மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. பதினோரு ஆண்டு வெப்பத்தில் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும்.

லூனாஸ் வயர்மேன்

நான் இங்கே மாற்றுக் கருத்தோடு வருகிறேன், தவறாக எண்ண வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், நான்காம் தலைமுறையான ஐ5-4590 அந்தப் பட்டியலில் இல்லை, ஐ7-4790-உம் இல்லை. அண்ணன் இந்தக் கணினியிலேயே வங்கிக் கணக்கையும் பார்ப்பார் என்றால், ஆதரவில்லாத கணினியில் நூற்றுக்கணக்கான வெள்ளியைப் போடச் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை.

நிறுவனங்கள் மாற்றிக் கழித்த அலுவலகக் கணினிகள் இப்போது நிறையச் சந்தைக்கு வருகின்றன. 2018-இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, எச்.பி எலைட்டெஸ்க் 800 ஜி4 போன்றவற்றில் ஐ5-8500 செயலி இருக்கும். ஆறு கோர், டி.டி.ஆர்.4 ரேம், எம்.2 துளை, விண்டோஸ் 11-க்கான தகுதி எல்லாம் உண்டு. தைப்பிங் நண்பர் சொன்ன எச்.இ.வி.சி-யையும் அதன் உள் கிராபிக்ஸ் வன்பொருளாலேயே விரிக்கும், சுருக்கவும் செய்யும். அண்ணனின் தொகைக்குள் அல்லது அதற்கு மிக அருகில் அப்படிப்பட்ட கணினி கிடைக்கக்கூடும்.

அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்நிறுவனங்களின் பவர் சப்ளை இணைப்பான் வழக்கமான 24 ஊசி வகையைச் சேர்ந்ததாக இருக்காது. கெட்டுப்போனால் அதே வகையைத் தேடித்தான் மாட்ட வேண்டும். ஒல்லியான பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்டுகளைத் தவிர வேறெதுவும் நுழையாது. நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கடைசியாக என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் மாலை இடிமழைக்குக் குறைவில்லை. எந்தக் கணினியை வைத்துக்கொண்டாலும், கடையின் மூன்று ஊசிச் செருகியில் நில இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். நில இணைப்பு இல்லாத பழைய கடைகளில், விலை கொடுத்து வாங்கிய மின்வீச்சுத் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) ஏறக்குறைய வெறும் நீட்டிப்புக் கம்பிதான். இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அடைப்பது போதாது, செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். இணையம் ஃபைபரில் வந்தாலும் ரூட்டரின் அடாப்டரும் லேன் கம்பியும் செம்புதான், அவற்றின் வழியாகவும் மின்வீச்சு கணினிக்குள் வரும்.

கிந்தா பழுதுபார்ப்பவன்

வயர்மேன் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒன்று உண்டு. தனிநபர் பயனர்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் வழியாகப் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை அதைப் பெறலாம். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்புப் பிரதியாக ஒத்திசைத்தால் கட்டணமும் இல்லை. அச்சுக்கடை அண்ணனுக்குத் தைப்பூசம் வரை உடனடி நெருக்கடி. அதற்குள் வேறு கணினிக்கு மாறி, எழுத்துருக்களையும் பழைய கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பொருத்தி முடிப்பதைவிட, இருப்பதைச் சீராக்கி அந்தக் காலத்தைக் கடத்துவது எளிது என்பது என் எண்ணம்.

ஆகவே எந்தப் பாகத்தை வாங்கினாலும், அடுத்த கணினிக்கு அது கூட வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி வரும், ஆப்டிபிளெக்ஸுக்குள்ளும் போகும். அதைப் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். டி.டி.ஆர்.3 ரேம் வராது. பழையதாக, மலிவாக வாங்குங்கள். ஐ7 செயலி இந்த மதர்போர்டோடு முடிந்துவிடும், வேண்டாம். பவர் சப்ளை, அடுத்ததும் கட்டி வாங்கும் கணினியாக இருந்தால்தான் கூட வரும். அலுவலகக் கணினிக்குப் போகப்போகிறீர்கள் என்றால் வீண். கார்டு போடாதவரை இப்போதிருக்கும் சப்ளை தாங்கலாம். ஆனாலும் எரிந்த வாடை வந்தாலோ கணினி தானாக அணைந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள்.

பந்திங் மாணவர்

விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டால் விண்டோஸ் செலவும் ஆதரவுக் கவலையும் இல்லை. ஐபஸ் எம்17என் என்ற தட்டெழுத்துக் கருவி மூலம் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நான் படிவம் ஆறு படிக்கும்போது இதைவிடப் பழைய கணினியில் அதைத்தான் வைத்திருந்தேன்.

கிள்ளான் வடிவமைப்பாளர்

தம்பி, தட்டெழுதுவதற்கும் படிப்பதற்கும் அது அருமையானதுதான். அண்ணனின் வேலை போட்டோஷாப்பில் நடக்கிறது. அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவரிடம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பழைய அழைப்பிதழ்களும் இருக்கக்கூடும். அவசரக் காலத்தில் அவற்றையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்றுவது அவருக்குப் பெரும் சுமையாகிவிடும்.

சுங்கை சிப்புட் அச்சுக்கடை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் சொற்படி முதலில் அளந்து பார்த்தேன். காலையில் எழும்போது டிஸ்க் 100, செயலி 20-ஐத் தாண்டவில்லை. பதாகை திறந்திருந்தபோது நினைவகம் 94, டிஸ்க் மறுபடியும் 100. காணொளியில் மட்டும்தான் செயலி 100. கடைக்காரர் மாற்றச் சொன்ன செயலி, மூன்றில் ஒரு வேலைக்குத்தான் தடையாக இருந்திருக்கிறது. அதற்கும் பிராக்ஸி போதும் என்று தெரிந்துகொண்டேன்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரியில் 8 என்று காட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் பத்தாண்டு வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்கு அந்த ஒரே டிஸ்க்தான் இருப்பிடம். இறந்துபோன பலருடைய படங்கள் அவர்கள் குடும்பத்தாரிடம்கூட இல்லாமல் அதில்தான் இருக்கின்றன. அன்றிரவே மகளின் வெளித் தட்டை வாங்கி எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். இரண்டு கோப்புகள் மட்டும் படிக்க வரவில்லை.

பிறகு ஈப்போ சென்று 500 ஜி.பி எஸ்.எஸ்.டி-யைப் புதிதாகவும், 8 ஜி.பி ரேம் இரண்டை ஓர் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றியவையாகவும், பேட்டரி ஒன்றும் பசை ஒன்றும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 410 வெள்ளி. மூடியைத் திறந்தபோது விசிறிக்கடியில் இருந்தது நீங்கள் சொன்ன கம்பளமேதான்; செம்மண் நிறத்தில், விரலால் உரித்து எடுக்கும் அளவுக்கு இருந்தது.

இப்போது காலையில் 25 வினாடியில் திரை வந்துவிடுகிறது. பதாகையை 100 டி.பி.ஐ-யில் செய்து, ஒன்றை அச்சிட்டுக் கோவில் வாசலில் கட்டி, சாலையின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பதாகைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. தங்கச்சிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், இத்தனை ஆண்டும் அந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புக்கும் பதிந்துகொண்டேன். மீதி 390 வெள்ளியை வயர்மேன் ஐயா சொன்ன வகைக் கணினிக்காக எடுத்து வைத்துவிட்டேன். அக்டோபருக்குள் இன்னும் கொஞ்சம் சேர்த்து நிமிர்ந்த பெட்டியாகவே வாங்கும் எண்ணம். கடையின் நில இணைப்பைச் சோதிக்க வயர்மேன் ஒருவரை வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அழைப்பிதழ்களின் பழைய மாதிரிகளை அதிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கிந்தா பழுதுபார்ப்பவன்

வேண்டாம் அண்ணே. சி5-இல் 8 என்றால், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் எட்டு இடங்கள் என்று பொருள். அந்த எண் சுழியத்துக்குத் திரும்பினாலும் நான் அதில் எதையும் சேமிக்க மாட்டேன். இரண்டு கம்பிகளையும் கழற்றி, டிஸ்கின் மேல் தேதியை எழுதி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். அழிக்கவும் வேண்டாம், ஏனென்றால் படிக்க வராத அந்த இரண்டு கோப்புகளை யாராவது ஒரு குடும்பத்தார் கேட்டு வரக்கூடும். ஓடவிடாமல் வைத்திருந்தால் மீட்பதற்கு வாய்ப்பு மிச்சமிருக்கும். மகளின் வெளித் தட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், கடைக்கென்று தனியாக ஒன்று வாங்கி அதற்கு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். எடுத்து வைத்திருக்கும் 390-இலிருந்து முதலில் செலவழிக்க வேண்டியது அதுதான்.